மூன்று விலைப்புள்ளிகள்

மஞ்சக்குப்பத்தில், அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் என் கடை.
ஒரு கணினி, ஒரு ஜெராக்ஸ்,
சாரல் அடித்தால் இரண்டையும் மூட ஒரு பழைய பேனர் துணி.
துணியில் கவுன்சிலர் தெய்வசிகாமணி
தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஐப்பசி பிறந்ததும் அவர் மச்சான் விருத்தகிரி வருவான்.
கக்கத்தில் மூன்று லெட்டர்பேடு.
ஒன்று கவுன்சிலர் மனைவி பேரில்.
ஒன்று இவனுடையது.
மூன்றாவதில் உள்ள முகவரிக்குப் போனால்
பூட்டிக் கிடக்கும் மாவு மில் ஒன்று இருக்கும்,
சைக்கிளில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

"பிளீச்சிங் பவுடர், இருபத்தஞ்சு கிலோ மூட்டை, நானூறு.
தவமணி ஏஜென்சிக்கு மட்டும் விலையைக் கொஞ்சம் இறக்கிப் போடுக்கா."
மத்த ரெண்டுக்கும்?
"நீயே பாத்து ஏதாவது போடேன்."

பார்த்துப் போட்டேன்.
கொள்முதல் குழுவில் கையெழுத்துப் போடுகிறவரின் வீட்டுச் சரக்குக்கு
போட்டி விலையை நிர்ணயித்தவள் நான்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய் கூலியில்.
ஒன்றுக்குத் தடித்த எழுத்து.
ஒன்றுக்குச் சாய்ந்த எழுத்து.
மாவு மில்லுக்கு மட்டும் மையைக் குறைத்து அச்செடுப்பேன்,
நொடித்துப்போன கம்பெனி மாதிரி தெரியட்டும் என்று.
அதில் எனக்கொரு பெருமைகூட இருந்தது.
சொல்வதற்கென்ன.

கார்த்திகையில் கெடிலம் ஊருக்குள் வந்தது.
முதுநகரில் எங்கள் தெருவில்
முழங்கால் தண்ணீர், ஐந்து நாள்.
வடிந்த பிறகு இரண்டு பேர் வாளியோடு வந்து
சுவரோரம் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டே போனார்கள்.
மூக்கைப் பொத்தத் தயாராக முந்தானையைப் பிடித்திருந்தேன்.
நெடியே இல்லை.
ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன்.
வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நாள் ஞாபகம் வந்தது.
மூட்டையின் மேல் தவமணி ஏஜென்சீஸ்,
நான் அடித்துக் கொடுத்த ஸ்டிக்கர்.

எதிர்வீட்டு நிவாஸ் மூன்று நாள்
பெரியாஸ்பத்திரியில் சலைன் பாட்டிலுக்குக் கீழே கிடந்தான்.
தூளால்தான் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
தூளால் இல்லை என்று சொல்லவும் இல்லை.

தையில் தணிக்கைக்காரர் ஒருவர் கட்டோடு வந்தார், நகல் எடுக்க.
ஜெராக்ஸின் பச்சை வெளிச்சம்
என் மூன்று தாளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் போனது.
அவர் சூட்டோடு சூடாகப் படித்தார்.
பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.
பிளிச்சிங்.
பிளிச்சிங்.
பிளிச்சிங்.
மூன்றிலும் லீ போட வேண்டிய இடத்தில் லி.
மூன்று வட்டம்.

"இங்கதான் அடிச்சதா?"
"எல்லாரும் இங்கதான் சார் வருவாங்க."
அவர் என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார்.
பதினான்கு பக்கத்துக்குக் காசு கொடுத்தார்,
ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.
அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.
மாற்றல் என்றார்கள்.

ஃபைல் என்று அடிக்கும்போது
முதலில் விழுவது மூன்று புள்ளி.
தனிநிலை என்று பேர் சொல்லிக் கொடுத்தார்கள் பள்ளியில்.
பேர்தான் தனி.
பக்கத்தில் ஆள் இல்லாமல் அதற்கு வாய் திறக்காது.

மாசியில் விருத்தகிரி வந்தான்.
லெட்டர்பேடு இப்போது ஐந்து,
கொசு மருந்துக்கு.
கூடவே பழைய பவுடரும், மிச்சத் தேவைக்கு.
குரலைத் தாழ்த்தினான்:
"எல்லாத்துலயும் ஒரே தப்பு வருதாம்க்கா.
இந்த வாட்டி ஒவ்வொண்ணுலயும்
வேற வேற தப்பாப் போடு."

டீ குடிக்கப் போனான்.
லீ இருக்கும் பொத்தான் எதுவென்று எனக்குத் தெரியும்.
இருபது வருஷமாகத் தெரியும்.

ஐந்திலும் லி என்றே விழுந்தது.
கைப்பழக்கமா என்று யாராவது கேட்டால்
ஆமாம் என்பேன்.
ஐந்து பக்கம், நூற்றைம்பது ரூபாய்.
எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டேன்.